உம்மாவின் உப்புச் சட்டியும் சிறுநீரகத்தின் களஞ்சியமும்

உம்மாவுக்கு உயர் குருதியமுக்கம் இருப்பது தெரியவந்து பத்து வருடங்களுக்கு மேலாகின்றது. மாதம் தவறாமல் கிளினிக் போவார். லொசார்டன் என்ற குளிசையைக் கொடுத்தார்கள். முதலில் 50 மில்லிகிராம், பிறகு 100. அப்படியிருந்தும் அளக்கும் போதெல்லாம் மேல் எண் 160க்குக் கீழே இறங்க மறுத்தது.

“உம்மா, குளிச ஒழுங்காக் குடிக்கிறீங்களா?” என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

“ஒரு நாளும் விட்டதில்ல மகன். நம்பிக்க இல்லாட்டி நீங்களே எண்ணிப் பாருங்க.”

எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே இருந்தது.

நான் மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் இருபத்திரண்டு வருடங்கள் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தவன். ரெனின், அஞ்சியோடென்சின், அல்டொஸ்டெரோன் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனையோ தொகுதி மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அவர்களில் சிலர் இன்று டொக்டர்கள். ஆனால் அந்த அம்புக்குறி எங்கள் வீட்டுக் குசினிக்குள்ளும் நுழைகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் ஓர் இளம் டொக்டர். அவர் உம்மாவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “உம்மா, நேத்து முழுக்க என்ன சாப்பிட்ட?” உம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். காலையில் பாணும் கட்டைச் சம்பலும். பகலைக்குச் சோறு, கருவாட்டுக் கறி, பருப்பு, பப்படம், தொட்டுக்கொள்ள எலுமிச்சங்காய் ஊறுகாய். பின்னேரம் தேத்தண்ணியோடு உப்பு பிஸ்கட். இராவைக்கு மிச்சக் கறியோடு இடியப்பம். டொக்டர் என்னைப் பார்த்து, “சேர், மருந்தக் கூட்ட முதல் உப்பக் குறைச்சுப் பாப்பம். இவ்வளவு உப்புக்குள்ள இந்தக் குளிசைக்குச் செய்றதுக்கு வேலையே இல்ல” என்றார்.

குளிசைக்கு வேலையே இல்லை என்றால் என்ன அர்த்தம்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான விடைதான். அதற்கு முதலில் உப்பின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உப்பு ஏறி வந்த மலை

இன்று கடைக்குப் போனால் உப்பு மலிவான சாமான். ஆனால் மாத்தளை கடலைக் காணாத மாவட்டம். கண்டி இராச்சியத்தின் காலத்தில் இங்கே ஒரு பிடி உப்பு வருவதென்றால் அது கரையோரத்து உப்பளங்களிலிருந்து மலையேறி வர வேண்டும். பொதிமாடுகளின் முதுகில் அதை ஏற்றி வந்த தவளங்களில் நம் முன்னோர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. இராச்சியத்தின் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த ‘மடிகே பத்த’ என்ற பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் பணியாற்றினார்கள். வரலாற்றாய்வாளர் லோனா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மேலே ஏறும்போது உப்பும் கருவாடும், கீழே இறங்கும்போது பாக்கும் மிளகும் என்பதே அந்த வியாபாரத்தின் ஒழுங்கு. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கரையைப் பிடித்தவர் உப்பையும் பிடித்தார். மலைநாட்டை மிரட்ட அது ஓர் ஆயுதமானது.

எங்கள் மூத்தம்மா காலம் வரை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண் சட்டியில் கல்லுப்பு இருக்கும். அந்தச் சட்டி ஒருபோதும் வெறுமையாகக் கூடாது. அது அடியைத் தொட முன்னர் வாங்கி நிரப்பி விடுவார்கள். உப்பு கிடைப்பது நிச்சயமில்லாத ஒரு காலத்தின் பழக்கம் அது.

நம் உடம்பும் அப்படியொரு காலத்துக்காகவே ஆக்கப்பட்டது போல இயங்குகிறது. உப்பு அரிதாகக் கிடைக்கும், கிடைத்ததை விடக்கூடாது என்பதே அதன் கணக்கு. அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கும் இடம் சிறுநீரகம்.

ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ

நமது இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அந்தத் திரவத்தோடு வடிந்து போகும் உப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் வரும். இது வகுப்பில் நான் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் நம்ப மறுத்த ஒரு கணக்கு. ஒன்றரைக் கிலோ உப்பு உடம்பை விட்டுப் போனால் மனிதன் அன்றைக்கே மௌத்தாகி விடுவான். போகாததற்குக் காரணம், வடிந்த உப்பில் 99 சதவீதத்துக்கும் மேலானதைச் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சி எடுத்துக்கொள்வதுதான். நாம் சாப்பிட்ட அளவுக்குச் சமமான ஒரு சில கிராம்தான் சிறுநீரில் வெளியே போகிறது.

இந்த மிச்சத்தைத் தீர்மானிப்பது மிக நுணுக்கமான வேலை. நேற்றுக் கருவாடு சாப்பிட்டவர் இன்று அதிகமாக வெளியேற்ற வேண்டும். நேற்று வயிற்றோட்டத்தில் கிடந்தவர் இன்று ஒரு மணியைக் கூட விடக்கூடாது. இந்தக் கட்டளையைக் கொடுக்கும் தொடரில் முதல் ஆள் ரெனின். கறாராகச் சொன்னால் ரெனின் ஒரு நொதியம். ஆனாலும் சிறுநீரகம் அதைச் சேமித்து வைத்துக் குருதியில் விடுவதால் அதை ஓமோன் என்று அழைக்கும் வழக்கமும் இருக்கிறது.

1898இல் ஸ்டொக்ஹோம் நகரில், கரோலின்ஸ்கா நிறுவனத்தில், ரொபர்ட் டீகர்ஸ்டெட் என்ற பேராசிரியரும் பெர் பெர்க்மன் என்ற அவரது மாணவரும் முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களின் நாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். குருதியமுக்கம் ஏறியது. அந்தச் சாற்றிலிருந்த பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ரெனின். பிறகு பல வருடங்கள் இதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1934இல் ஹரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களின் சிறுநீரக நாடியை இறுக்கி, குருதியமுக்கம் நிரந்தரமாக உயர்வதைக் காட்டிய பிறகே உலகம் மறுபடி சிறுநீரகத்தைத் திரும்பிப் பார்த்தது.

களஞ்சியம் எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கலன்கோளம் என்ற வடி. அந்த வடிக்குக் குருதியைக் கொண்டுவரும் மெல்லிய நாடிக்கு உட்காவு புன்னாடி என்று பெயர். அந்தப் புன்னாடி கலன்கோளத்துக்குள் நுழையும் வாசலில், அதன் சுவரிலேயே, சில கலங்கள் மற்றவற்றைப் போலில்லாமல் சிறுமணிகளால் நிறைந்திருக்கும். 1930களில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருந்த நோர்பெர்ட் கூர்மாக்டிக் போன்றவர்கள் இக்கலங்களை நுணுக்குக்காட்டியில் உற்றுப் பார்த்து, இவை ஏதோவொன்றைச் சுரக்கும் கலங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சிறுமணிகள்தான் ரெனினின் களஞ்சியம்.

உப்புக்கும் இந்தக் களஞ்சியத்துக்கும் உள்ள தொடர்பை 1953இல் தெளிவாகக் காட்டியவர்கள் ஹார்ட்ரொவ்ட் தம்பதியர். அவர்கள் எலிகளில் ஒரு பகுதிக்கு உப்புக் குறைந்த உணவையும் மற்றொரு பகுதிக்கு உப்புக் கூடிய உணவையும் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கலங்களில் எவ்வளவு மணிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். உப்புக் குறைந்த எலிகளில் மணிகள் பெருகியிருந்தன. உப்புக் கூடியவற்றில் அவை சுருங்கிப் போயிருந்தன.

மூத்தம்மாவின் உப்புச் சட்டியை இங்கே நினைத்துப் பாருங்கள். ஊரில் உப்பு தாராளமாகக் கிடைத்தால் சட்டியில் சேமித்து வைக்க யாரும் அக்கறைப்பட மாட்டார்கள். பஞ்சம் வரப் போகிறது என்றால்தான் எல்லாரும் சட்டியை நிரப்புவார்கள். சிறுநீரகம் சேமிப்பது உப்பை அல்ல, உப்பைப் பிடித்து வைக்கும் கட்டளையை. அதனால்தான் உணவில் உப்புக் குறையும்போது களஞ்சியம் நிறைகிறது. உப்புக் கூடும்போது களஞ்சியம் வெறுமையாகிறது.

நிரப்புவதும் திறப்பதும்

இங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டுக்கும் வேகம் வேறு வேறு.

முதலாவது, சேமிப்பு. ரெனினுக்கான மரபணு அந்தக் கலத்தில் இயங்க வேண்டும். அதிலிருந்து முதலில் ‘புரோரெனின்’ என்ற முடிவுறாத வடிவம் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி அப்படியே வெளியே கசிந்து விடும். மற்றப் பகுதி சிறுமணிகளுக்குள் போய், அங்கே ஒரு துண்டு வெட்டப்பட்டு, வேலைக்கு ஆயத்தமான ரெனினாகி அடைந்து கிடக்கும். இதற்கு மணித்தியாலங்களும் நாட்களும் பிடிக்கும். உப்புத் தட்டுப்பாடு தொடர்ந்தால் சிறுநீரகம் இன்னொரு காரியமும் செய்கிறது. வாசலில் நிற்கும் கலங்கள் போதாதென்று, புன்னாடியின் மேல்பகுதியில் சாதாரண தசைக் கலங்களாக இருந்தவையும் வேலையை மாற்றிக்கொண்டு ரெனின் உண்டாக்கத் தொடங்குகின்றன. தட்டுப்பாடு தீர்ந்ததும் அவை பழைய வேலைக்குத் திரும்பி விடும். கருவில் இருக்கும் காலத்தில் ரெனின் கலங்கள் பெரிய நாடிகள் வரைக்கும் பரந்திருந்தன. அந்தப் பழைய நினைவு கலத்தை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது, விடுவிப்பு. இது நிமிடக் கணக்கில் நடக்கும். களஞ்சியக் கதவை மூன்று கைகள் தட்டுகின்றன.

ஒன்று, புன்னாடியின் சுவர். குருதியமுக்கம் குறைந்தால் சுவரின் இழுவை குறையும். உடனே ரெனின் வெளியே வரும்.

இரண்டு, நரம்பு. எழுந்து நிற்கும்போது, பயப்படும்போது, குருதி இழக்கும்போது பரிவு நரம்புகள் இக்கலங்களைத் தூண்டுகின்றன.

மூன்று, உப்பையே சுவை பார்க்கும் ஒரு காவலாளி. சிறுநீரகத்தியின் நீண்ட குழாய் எங்கெல்லாமோ வளைந்து போய், தான் புறப்பட்ட கலன்கோளத்தின் வாசலுக்கே திரும்பி வந்து தொட்டுவிட்டுப் போகிறது. அந்தத் தொடுமிடத்தில் நெருக்கமாக அடுக்கிய சில கலங்கள் உண்டு. மக்குலா டென்சா என்பார்கள், ‘அடர்ந்த பொட்டு’ என்பது அதன் பொருள். குழாய்க்குள் ஓடிவரும் திரவத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று இவை பார்க்கின்றன. உப்புக் குறைந்தால் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி, பக்கத்து வீட்டு ரெனின் கலங்களுக்கு ‘திற’ என்கின்றன. உப்புக் கூடினால் அடினோசின் போன்ற பொருள்கள் மூலம் ‘மூடு’ என்கின்றன.

கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதிலும் ஒரு விசித்திரம் உண்டு. உடம்பில் சுரக்கும் கலங்கள் பெரும்பாலும் உள்ளே கல்சியம் கூடினால்தான் சுரக்கும். ரெனின் கலங்களோ மறுதலை. கல்சியம் கூடினால் கதவு பூட்டப்படும், குறைந்தால் திறக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் பரீட்சைக்கு வருமா என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள்.

வெளியே வந்த ரெனின், ஈரல் உண்டாக்கிக் குருதியில் விட்டிருக்கும் ஒரு நீண்ட புரதத்தை வெட்டுகிறது. அதிலிருந்து 10 அமினோ அமிலங்கள் கொண்ட அஞ்சியோடென்சின் ஒன்று கிடைக்கிறது. பெரும்பாலும் சுவாசப்பையில் வைத்து வேறொரு நொதியம் அதில் இரண்டைக் கழற்ற, 8 அமினோ அமிலங்கள் கொண்ட அஞ்சியோடென்சின் இரண்டு உண்டாகிறது. இதுதான் பலசாலி. குருதிக் கலன்களை இறுக்கும், தாகத்தைத் தூண்டும், சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பியிலிருந்து அல்டொஸ்டெரோனை விடுவித்து உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும்.

அப்படியானால் உப்பு நல்லதா?

வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்ட கேள்வி இது: “சேர், உப்புக் கூடினா ரெனின் குறையும். ரெனின் குறைஞ்சா பிரஷர் குறையணும். பிறகு ஏன் உப்புத் தின்ன வேணாம் எண்டு சொல்ற?”

நல்ல கேள்வி. ரெனின் குறைவது நோயல்ல, அது சிறுநீரகத்தின் தற்காப்பு. உப்புக் கூடிப் போனது, இனிப் பிடித்து வைக்காதே, வெளியே விடு என்கிற கட்டளை. ஆரோக்கியமான இளம் சிறுநீரகத்துக்கு இந்தத் தற்காப்பு பெரும்பாலும் போதும். வயதானால், சீனி வருத்தம் இருந்தால், சிறுநீரகம் முன்னமே பழுதுபட்டிருந்தால், களஞ்சியத்தை முழுக்க மூடினாலும் உப்பு போதியளவு வெளியேறாது. உப்பு நிற்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும். அந்த மேலதிக உப்பைத் தள்ளுவதற்குச் சிறுநீரகத்துக்குக் கூடிய அமுக்கம் தேவைப்படுகிறது, அமுக்கம் ஏறுகிறது. ஆகவே வெறுமையான களஞ்சியம் பாதுகாப்பின் அடையாளமல்ல. சிறுநீரகம் தன்னால் இயன்றதையெல்லாம் செய்து முடித்து விட்டது என்பதன் அடையாளம்.

இப்போது டொக்டர் சொன்ன வார்த்தை விளங்கும். லொசார்டன் போன்ற ‘சார்டன்’ என்று முடியும் குளிசைகள் அஞ்சியோடென்சின் இரண்டு போய் அமரும் ஆசனத்தை அடைத்து விடுகின்றன. எனலாப்ரில் போன்ற ‘ப்ரில்’ என்று முடிபவை அது உண்டாவதையே தடுக்கின்றன. இரண்டும் கை வைப்பது ரெனின் தொடங்கி வைத்த தொடரில்தான். கருவாடும் ஊறுகாயும் கட்டைச் சம்பலும் சேர்ந்து ரெனினை ஏற்கெனவே அடக்கி விட்டிருந்தால், ஆசனத்தில் உட்கார வருபவர்களே குறைவு. வெறும் கதிரையைக் காவல் காக்கும் வேலைதான் குளிசைக்கு மிஞ்சும். உம்மா ஒரு நாளும் தவறாமல் குடித்த குளிசை அப்படித்தான் நான்கு வருடங்கள் காவல் காத்தது.

எல்லாப் பிரஷர் குளிசையும் இப்படியல்ல. அம்லொடிபின் போன்றவை வேறு வழியில் இயங்குவதால் உப்பால் இவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. சார்டனோடு, சிறுநீரைக் கூட்டும் ஒரு குளிசையையும் சேர்த்துக் கொடுப்பதற்கும் காரணம் இதுதான். அது உப்பை வெளியேற்றி ரெனினை எழுப்பி விடுகிறது. எழுப்பப்பட்டதைச் சார்டன் தடுக்கிறது.

என் பிழை

டொக்டரின் சொல்லைக் கேட்டு வீட்டில் உப்பைக் குறைத்தோம். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு சும்மாவா சொன்ன?” என்று உம்மா முதல் கிழமை முழுக்கச் சோற்றைத் தள்ளி வைத்தார். எலுமிச்சம்புளி, கொறுக்காய், நம் ஊர் மிளகு என்று கூட்டிக் கொடுத்தோம். மூன்று நான்கு கிழமைகளில் நாக்குப் பழகி விட்டது. இரண்டு மாதங்களில் மேல் எண் 134க்கு வந்தது. மருந்து கூட்டவில்லை. நான் என்னை ஒரு விஞ்ஞானியாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஒரு வலீமா சாப்பாட்டுக்குப் பிறகு உம்மாவுக்கு வயிற்றோட்டம் பிடித்தது. இரண்டு நாட்கள். வாந்தியும் இருந்தது. சாப்பிட முடியாவிட்டாலும் பரவாயில்லை, பிரஷர் குளிசையை விட வேண்டாம் என்று நானே எழுப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போனவர் கிணற்றடியில் விழுந்து விட்டார். ஆஸ்பத்திரியில் அளந்தபோது மேல் எண் 80. குருதியில் கிரியேட்டினின் வழமையை விட இரண்டு மடங்கு. சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கு என்றார்கள்.

நடந்தது என்ன? வயிற்றோட்டத்தில் உப்பும் நீரும் போய்க்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் உப்புக் குறைந்த உணவில் நிறைந்திருந்த களஞ்சியம் மூன்று கைகளும் தட்டத் திறந்தது. ரெனின் பாய்ந்தது. அஞ்சியோடென்சின் குருதிக் கலன்களை இறுக்கி அமுக்கத்தைத் தாங்க முயன்றது. கலன்கோளத்திலிருந்து வெளியேறும் வெளிக்காவு புன்னாடியையும் அது இறுக்கும். குருதி குறைந்த நேரத்தில் வடிகட்டல் நின்று போகாமல் காப்பது அந்த இறுக்கம்தான். உயிரைக் காக்க வந்த அந்தக் கட்டளையை ஆசனத்தில் உட்கார விடாமல் தடுத்தது யார்? நான் எழுப்பிக் கொடுத்த குளிசை.

சேலைன் ஏற்றினார்கள், குளிசையை நிறுத்தி வைத்தார்கள். ஒரு கிழமைக்குள் கிரியேட்டினின் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். சேலைன் என்பது உப்புத் தண்ணீர்தான். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனியும் உப்பும் குளுக்கோசும் கலந்ததுதான். மாதக்கணக்கில் நாங்கள் ஒதுக்கி வைத்த அதே உப்பு அன்றைக்கு மருந்தானது.

ஒரே ஆள், ஒரே குளிசை, ஒரே அளவு. உப்புக் கூடிய நாளில் அது வேலையற்றது, உப்பு வற்றிய நாளில் அதே குளிசை அளவுக்கு மிஞ்சிய பலம் கொண்டது. இருபத்திரண்டு வருடங்கள் கற்பித்த பாடத்தை நான் படித்து முடித்தது அந்த வார்ட்டில்தான்.

வில்கமுவையை மறந்து விடக்கூடாது

சிறுநீரகம் பற்றி நம் மாவட்டத்தில் பேசுபவர் வில்கமுவையைச் சொல்லாமல் விட முடியாது. 1990களின் தொடக்கத்தில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னதென்று அறுதியிடப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் மாவட்டத்தின் கிழக்கோரத்து வில்கமுவையிலும் விவசாயக் குடும்பங்களை வாட்டி வருகிறது. சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாதவர்களுக்கு வருவதே அதன் தனித்தன்மை. அது முதலில் தாக்குவது சிறுநீரகத்தியின் சிறுகுழாய்களையும் அவற்றுக்கு இடையிலுள்ள இழையத்தையும். குருதியமுக்கம் பலருக்கு நோய் முற்றும் வரை பெரிதாக ஏறுவதில்லை. குடிநீர், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் வற்றுதல் என்று பலவற்றை ஆய்வாளர்கள் பார்த்து வருகிறார்கள்.

அது உப்பால் வந்த நோய் என்று யாரும் நிறுவவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாள் முழுக்க வெயிலில் வியர்வை சிந்தும் வயல்காரருக்கு உப்பும் நீரும் இரண்டும் போகின்றன. அவருடைய ரெனின் களஞ்சியம் கடைக்குள் உட்கார்ந்து பப்படம் கடிக்கும் என்னைப் போன்றவரின் களஞ்சியத்தைப் போல இருக்காது. ‘உப்பைக் குறை’ என்ற ஒரே வாசகத்தை இருவர் கையிலும் ஒரே மாதிரிக் கொடுக்க முடியாது. சிறுநீரக நோயாளி தனக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்பதைத் தன்னைப் பார்க்கும் டொக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்று சொல்கிறது. ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் அதற்கே சரி. அது கறியில் போடுவது மட்டுமல்ல, பாணிலும் பிஸ்கட்டிலும் கருவாட்டிலும் இருப்பதும் சேர்த்து.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 400 கிராம் உப்புப் பக்கற் ஒன்று ஐந்து பேர் உள்ள வீட்டில் எட்டு நாளில் முடிந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம். மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் போனதைக் கழித்துக்கொள்ளுங்கள். கடைச் சாமான்களில் வருவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றி விட்டுச் சமைத்தால் கணிசமான உப்புப் போய்விடும். அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாதீர்கள். கடை உணவுப் பக்கற்றுகளில் உப்பு, சீனி, கொழுப்புக்கு நிறக் குறியீடு போடும் விதி 2019 முதல் நம் நாட்டில் இருக்கிறது. உப்புக்கு நேரே சிவப்பு இருந்தால் திருப்பி வைத்து விடுங்கள்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பலருக்கு அது நல்லது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், ப்ரில் அல்லது சார்டன் குடிப்பவர்களுக்கும் குருதியில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். டொக்டரைக் கேளாமல் வாங்க வேண்டாம்.

ரமழானில் இரண்டு கவனம் வேண்டும். நோன்புக் கஞ்சி, ரோல்ஸ், சமோசா என்று ஒரு மணித்தியாலத்துக்குள் உப்பு குவிகிறது. மறுபுறம், வெயில் காலத்தில் பகல் முழுக்க நீரில்லாமல் இருப்பது ரெனினைத் தூண்டுகிறது. இந்தக் குளிசைகளைக் குடிப்பவர்கள் ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே நேரத்தையும் அளவையும், நோன்பு பிடிக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கவே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. வயிற்றோட்டம், வாந்தி, கடும் காய்ச்சல் வந்தால் இந்தக் குளிசையைத் தொடர்வதா, நிறுத்துவதா, எப்போது மறுபடி தொடங்குவது? இதை வருத்தம் வந்த பிறகல்ல, நல்ல சுகத்தோடு இருக்கும் ஒரு நாளில் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். சும்மா இருக்கும் நாட்களில் தானாக நிறுத்துவது அதை விடப் பெரிய ஆபத்து.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் இப்போது குசினிச் சுவரில், உப்புப் போத்தலுக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறது. உம்மா கண்ணாடி போட்டு அதை வாசித்து விட்டு, “இவ்வளவும் படிச்சுக் குடுத்த சேர், எனக்கு மட்டும் சொல்லித் தராமப் போயிட்டீங்களே மகன்” என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை. உங்கள் வீட்டிலும் ஓர் உம்மாவோ வாப்பாவோ இந்தக் குளிசையைக் குடிப்பவராக இருந்தால், அவரிடம் நீங்களாவது நேரத்தோடு சொல்லிக் கொடுங்கள்.